சீட்டுக்குத் தடை, எண்ணுக்கு வழி

(தென்காசியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



லாட்டரி பற்றிப் பேச வருகிறவர் திருக்குறளின் சூது அதிகாரத்தில்தான் தொடங்குவார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் சற்று ஏமாறலாம். சூதாடுவது சரியா தவறா என்ற வழக்குக்கு இந்த உரை தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. அரசு லாட்டரி விற்பனையை எப்படிக் கட்டுப்படுத்துகிறது, அந்தக் கட்டுப்பாட்டில் எது சிக்குகிறது, எது நழுவிப் போகிறது என்று பார்ப்பதே நோக்கம்.

இதைப் பேசத் தென்காசியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. செங்கோட்டையைத் தாண்டினால் புளியரை சோதனைச்சாவடி. அதற்கு மேல் எஸ் வளைவு, கோட்டைவாசல், பிறகு ஆரியங்காவு. மலைக்கு இந்தப் பக்கம் லாட்டரிச் சீட்டு விற்றால் வழக்கு. அந்தப் பக்கம் அரசே அச்சடித்து விற்கிறது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பலர் அப்படியே பாலருவியையும் பார்த்துவிட்டு வருவார்கள். வழியில் ஆரியங்காவுக் கடைகளில் வண்டி நிற்கும். மேசை மேல் கிளிப் போட்டு வரிசை வரிசையாக விரித்த சீட்டுகள். தமிழிலேயே பேசும் கடைக்காரர். கூட்டு எண்ணைக் கணக்கிட்டு, பிறந்த தேதிக்குப் பொருந்துகிறதா என்று புரட்டிப் பார்க்கும் நம்மூர் ஆட்கள். கார்த்திகையில் அச்சன்கோவிலுக்கும் சபரிமலைக்கும் போகிற சாமிமார் வந்தால் கூட்டம் இன்னும் கூடும்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1க்கு முன்பு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். மொழிவாரி மாநிலப் பிரிப்பில் கோடு வேறு மாதிரி விழுந்திருந்தால், இன்று செங்கோட்டைக் கடைத்தெருவிலேயே கேரள லாட்டரிக் கடைகள் வரிசையாக இருந்திருக்கும். ஒரே செயல் ஓரிடத்தில் அரசின் வருவாயாகவும் சில மைல் தள்ளிக் குற்றமாகவும் இருப்பதற்குக் காரணம் இந்தக் கோடுதான்.

சொல்ல வந்தது இதுதான்: நம் லாட்டரிச் சட்டங்கள் எல்லாம் காகிதச் சீட்டைப் பிடிப்பதற்காக எழுதப்பட்டவை. 2003இல் தமிழ்நாடு தடை செய்ததும் அந்தச் சீட்டைத்தான். இன்று இந்த வட்டாரத்தில் வீடுகளை அழிக்கும் ஆட்டத்துக்குச் சீட்டே தேவையில்லை. ஓர் எண் போதும். அந்த எண்ணைக் கண்காணிக்கும் அமைப்பு நம்மிடம் இன்னும் உருவாகவில்லை.

1. தடை வந்த வழி

தமிழ்நாட்டில் அரசுப் பரிசுச்சீட்டைத் தொடங்கியது 1968இல் அண்ணா தலைமையிலான அரசு. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற விளம்பர வாசகம் இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். கேரளம் அதற்குச் சற்று முந்திக்கொண்டது. ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு 1967இல் லாட்டரிக்கென்றே தனித் துறையைத் தொடங்கினார். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. சீட்டின் விலை ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய்.

கேரளத்தில் அந்தத் துறை இன்றுவரை இடையறாமல் நடக்கிறது. தமிழ்நாட்டில் கதை வேறு. 1975இல் கருணாநிதி அரசு பரிசுச்சீட்டை நிறுத்தியது. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் அது திரும்ப வந்தது. பிறகு வெளி மாநிலச் சீட்டுகள் வெள்ளமாகப் புகுந்தன. சிக்கிம், பூடான் என்று நம்மில் பலர் நிலப்படத்திலும் பார்த்திராத இடங்களின் பெயர்களை பஸ் ஸ்டாண்டுச் சிறுவர்கள் கூவி விற்றார்கள். சைக்கிளில் குழாய் கட்டி விற்றவர்கள் உண்டு. குலுக்கல் முடிவுக்காகவே விற்ற தாள்கள் உண்டு. சிவகாசி அச்சகங்களுக்கு லாட்டரிச் சீட்டு பெரிய வேலையாக இருந்தது. மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அதுவே பிழைப்பு.

அப்போது தமிழ்நாடு வெளி மாநிலச் சீட்டுகளை மட்டும் தடுத்திருக்கலாமே என்று தோன்றும். முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பந்தயமும் சூதும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அரசுகள் நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியலின் 40ஆம் பதிவில் இருக்கிறது. அதனால் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின் லாட்டரியைத் தன் விருப்பப்படி தடுக்க முடியாது என்று 1984இல் மகாராஷ்டிர அரசுக்கு எதிரான எச். அன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1998இல் நாடாளுமன்றம் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றிய பிறகே, அதன் 5ஆம் பிரிவு வழியாக, மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் கிடைத்தது. அதற்கும் பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் 1999இல் நீதிமன்றம் ஒரு நிபந்தனை வைத்தது: தன் லாட்டரியை நடத்திக்கொண்டே அடுத்தவன் லாட்டரியைத் தடுக்காதே, தடுக்க வேண்டுமானால் முதலில் உன் கடையை மூடு.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அதைத்தான் செய்தது. தன் சீட்டையும் நிறுத்தியது, எல்லா மாநிலச் சீட்டையும் தடுத்தது. கூலி வேலை செய்யும் குடும்பங்களில் அந்த நடவடிக்கைக்குக் கிடைத்த வரவேற்பை, அந்த ஆட்சியை விரும்பாதவர்களும் மறுப்பதில்லை. அதற்குப் பின் வந்த எந்த ஆட்சியும் அதைத் திரும்பப் பெறவில்லை.

2. சட்டத்தின் நான்காம் பிரிவு

1998 சட்டம் நீளமானதல்ல. அதன் நான்காம் பிரிவைப் படித்தால், 1990களில் லாட்டரி வியாபாரம் எந்த லட்சணத்தில் நடந்தது என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு மோசடிக்குப் போட்ட பூட்டு. ஒற்றை இலக்கத்தை வைத்தோ, முன்கூட்டியே அறிவித்த எண்ணை வைத்தோ பரிசு தரக் கூடாது. சீட்டை மாநில அரசே தன் முத்திரையுடன் அச்சிட வேண்டும். விற்ற பணம் அரசின் பொதுக் கணக்குக்கு வர வேண்டும். குலுக்கலை அரசே, தன் மாநிலத்துக்குள்ளேயே நடத்த வேண்டும். ஒரு லாட்டரிக்கு வாரத்துக்கு ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. பம்பர் ஆண்டுக்கு ஆறுக்கு மேல் கூடாது. மீறி விற்றால் இரண்டாண்டு வரை கடுங்காவல்.

வாரம் ஒரு குலுக்கல் என்ற விதியைப் பாருங்கள். ஆடுகிறவனுக்கு இடையில் ஆறு நாள் மூச்சு விட நேரம் கொடுப்பதுதான் அதன் நோக்கமாக இருக்க முடியும். கேரளம் விதியை மீறவில்லை. ஏழு பெயர்களில் ஏழு வார லாட்டரிகளை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாகக் குலுக்குகிறது. திருவனந்தபுரம் கோர்க்கி பவனில் பிற்பகல் 3 மணிக்குக் குலுக்கல். நாகாலாந்தின் 'டியர்' லாட்டரி இன்னும் ஒரு படி மேலே: பகல் 1 மணி, மாலை 6 மணி, இரவு 8 மணி என்று தினமும் மூன்று. இவையும் தனித்தனிப் பெயர் கொண்ட வார லாட்டரிகளே. சட்டத்தின் எழுத்து அப்படியே இருக்கிறது. அது தர நினைத்த இடைவெளிதான் காணாமல் போய்விட்டது.

இந்தத் தொழிலில் புரளும் பணம் எவ்வளவு என்பதற்கு ஓர் அளவுகோல் போதும். 2024 மார்ச்சில் தேர்தல் பத்திர விவரங்கள் வெளியானபோது, நாட்டிலேயே அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கிய நிறுவனம் கோவையோடு தொடர்புடைய லாட்டரி அதிபர் சான்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் என்று தெரிந்தது. தொகை 1,368 கோடி ரூபாய். சீட்டு விற்கவே முடியாத தமிழ்நாட்டின் கட்சி ஒன்றுக்கும் அதில் பங்கு போயிருந்தது. ஜிஎஸ்டி கவுன்சில் தொடங்கிய நாள் முதல் எல்லா முடிவுகளையும் ஒருமனதாக எடுத்துவந்தது. முதன்முறையாக வாக்கெடுப்புக்குப் போனதும் லாட்டரிக்காகத்தான். 2019 டிசம்பரில் 21 மாநிலங்கள் ஆதரிக்க, 7 மாநிலங்கள் எதிர்க்க, ஒரே சீராக 28 சதவீத வரி என்று முடிவானது. 2025 செப்டம்பரில் அது 40 சதவீதமாக உயர்ந்தது.

3. கடைசி மூன்று இலக்கம்

இனி இந்த வட்டாரத்துக்கு வருவோம். தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, செங்கோட்டை என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறி, லாட்டரி விற்றவர் கைது என்ற செய்தி நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கிறது. வாசிக்கிறவர்கள் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அவை இரண்டு வகைக் குற்றங்கள்.

முதல் வகை, ஆரியங்காவில் மொத்தமாக வாங்கிய அசல் கேரளச் சீட்டை இங்கே கொண்டுவந்து கூடுதல் விலைக்கு விற்பது. இதில் வாங்குகிறவர் கையில் ஒரு சொத்து இருக்கிறது. கேரள அரசின் முத்திரை, தொடர் எழுத்து, ஆறு இலக்க எண். வாராந்தரச் சீட்டு என்றால் பன்னிரண்டு தொடர்கள், தொடருக்கு ஒன்பது லட்சம் எண்கள், ஆக 1 கோடியே 8 லட்சம் சீட்டுகளில் ஒன்றுக்கு முதல் பரிசு. வாய்ப்பு அற்பம்தான். ஆனால் விழுந்தால் பணம் வரும். 2021 ஜனவரியில், ஆரியங்காவுப் பக்கம் லாட்டரி விற்றுப் பிழைத்த ஒருவரிடம் விலைபோகாமல் மிஞ்சிய சீட்டுக்கே கிறிஸ்துமஸ்–புத்தாண்டு பம்பரின் 12 கோடி விழுந்தது. ஏஜெண்ட் கமிஷனும் வருமான வரியும் போக மீதி அவருக்குக் கிடைத்தது. 2023இல் 25 கோடி ரூபாய் திருவோணம் பம்பர், வாளையாரில் சீட்டு வாங்கிய திருப்பூர் வட்டாரத்து நண்பர்கள் நால்வருக்கு விழுந்தது. அந்தச் சீட்டு தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று ஒரு புகார் கிளம்பியதையும் செய்திகளில் பார்த்தோம். கேரள எல்லைக்குள் வாங்கியதா என்பதுதான் அங்கே கேள்வி. வாங்கியவர் எந்த மாநிலத்துக்காரர் என்பது பொருட்டல்ல.

இரண்டாம் வகைதான் 'மூணு நம்பர்'. இதில் சீட்டு இல்லை. ஒரு நோட்டுத் தாளைக் கிழித்த துண்டு. அதில் பேனாவால் எழுதிய மூன்று இலக்கம், தேதி, ஒரு கீறல். விற்றவர் பெயர் கிடையாது, வாங்கியவர் பெயர் கிடையாது. இப்போது அந்தத் துண்டும் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் எண்ணை அனுப்புகிறார்கள், கைப்பேசியிலேயே பணம் போகிறது. மூன்று மணிக்குக் கேரள முடிவு வருகிறது. முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் தான் எழுதியதோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். பொருந்தாவிட்டால் 'டியர்' ஆறு மணிக்கு இருக்கிறது. அதுவும் போனால் எட்டு மணி.

ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. கோடியில் ஒன்றோடு ஒப்பிட்டால் இது கைக்கெட்டும் தூரம் போலத் தெரிகிறது. 472 எழுதியவனுக்கு 473 வந்தால், அடுத்த முறை விழுந்துவிடும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஓர் எண் தள்ளிப் போனதும் ஐந்நூறு எண் தள்ளிப் போனதும் கணக்கில் ஒன்றே என்று அவனிடம் யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் அந்த நேரத்தில் ஏறாது. பெரிய தொகை விழுந்துவிட்டால் நடத்துகிறவன் கைப்பேசியை அணைத்துவிட்டுப் போய்விடலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வழியில்லை, கொடுக்கிறவரே குற்றவாளி.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே, மூன்று சிறு பெண் குழந்தைகளோடு, உயிரை விட்டது. மூணு நம்பர் லாட்டரியில் பட்ட கடனே காரணம் என்றும், அதை ஒழிக்க வேண்டும் என்றும் அவர் பேசிய பதிவு மாநிலத்தையே உலுக்கியது. அப்போது லாட்டரி தடை செய்யப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த ஆட்டத்தின் அமைப்பில் விசித்திரமான ஒன்று உண்டு. சூதாட்டம் நடத்துகிறவனுக்கு எப்போதும் இருக்கும் பெரிய தொல்லை, எண்ணைத் தானே வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறான் என்று ஆடுகிறவர்கள் சந்தேகப்படுவது. மூணு நம்பர்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஓர் அரசு, நேரலையில், எல்லோரும் பார்க்க எண்ணை எடுத்துத் தருகிறது. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடக்கிறதோ அவ்வளவுக்குக் கள்ள ஆட்டத்தின் மீது நம்பிக்கை கூடுகிறது. ஒற்றை இலக்க லாட்டரியை ஒழிக்கவென்று இயற்றிய சட்டம், நேர்மையான குலுக்கலை உறுதி செய்ததன் மூலம், மூன்று இலக்க லாட்டரிக்கு மூலப்பொருள் தந்துகொண்டிருக்கிறது.

4. எண் எங்கிருந்தும் வரும்

அப்படியானால் கேரளத்திடம் பேசி முடிவுகளை வெளியிடாமல் செய்யலாமா? பயனில்லை. பம்பாயின் மட்கா சூதாட்டம் தொடங்கியது, நியூயார்க் பருத்திச் சந்தையிலிருந்து தந்தியில் வந்த தொடக்க விலை, முடிவு விலை மீது பந்தயம் கட்டித்தான். 1961இல் அந்த விலைச் செய்தி நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. பானைக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்கள், பிறகு ஆட்டச்சீட்டை உருவினார்கள்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலும் 1920களில் இதே கதை. கறுப்பின மக்கள் வாழ்ந்த அந்தப் பகுதியில், வங்கிகளின் தீர்வகம் நாள்தோறும் வெளியிட்ட கணக்குத் தொகையிலிருந்து மூன்று இலக்கம் எடுத்துப் பந்தயம் கட்டினார்கள். சல்லிக்காசு வைத்து ஆடலாம், வீட்டு வாசலுக்கே ஆள் வரும். தீர்வகம் முழுத் தொகையை வெளியிடுவதை நிறுத்தியதும் குதிரைப் பந்தயத் திடலின் வசூல் கணக்குக்கு மாறிக்கொண்டார்கள். சென்செக்ஸ் புள்ளி, கிரிக்கெட் ஸ்கோர் என்று இன்று பொதுவெளியில் எண்ணுக்கா பஞ்சம்? எண் பிறக்கும் இடத்தை அடைத்துப் பயனில்லை.

5. அரசே நடத்தினால்?

இங்கே ஒருவர் எழுந்து கேட்கக்கூடும்: தமிழ்நாடும் கேரளம் போல் நடத்திவிட்டால் என்ன? நம் பணம்தானே மலை தாண்டிப் போகிறது? கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேரள லாட்டரியின் விற்பனை அண்மை ஆண்டுகளில் பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது. கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது தொடங்கிய காருண்யா நிதி வழியாக ஏழை நோயாளிகள் பலருக்குச் சிகிச்சைக்கு உதவி கிடைத்தது. சீட்டு விற்றுக் குடும்பம் நடத்துகிறவர்கள் அங்கே லட்சத்துக்கு மேல்.

ஆனால், அரசு லாட்டரி வந்தால் கள்ள லாட்டரி போய்விடும் என்ற வாதம் மட்டும் நிற்காது. அதற்குச் சாட்சி கேரளமே. அங்கே இதே மூன்று இலக்க ஆட்டத்துக்கு 'எழுத்து லாட்டரி' என்று பெயர். சட்டப்படி சீட்டு விற்கும் கடைகள் சிலவற்றிலேயே அது ரகசியமாக நடப்பதாகக் கேரளப் போலீஸ் பிடித்த வழக்குகள் உண்டு. ஐம்பது ரூபாய்ச் சீட்டு வாங்க முடிகிறவனும் பத்து ரூபாய்க்கு எண் எழுதுகிறான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1980இல் தானே மூன்று இலக்க ஆட்டத்தைத் தொடங்கிப் பார்த்தது. தெருவில் நடந்த ஆட்டம் அதற்காக மறைந்துவிடவில்லை. தெருவில் கடன் கிடைக்கும், வரி கிடையாது.

தடை இருந்தும் ஆட்டம் நடக்கிறது, அனுமதி இருந்தும் நடக்கிறது. எனவே தடையா அனுமதியா என்ற விவாதத்தை எத்தனை முறை நடத்தினாலும் விழுப்புரம் போன்ற நிகழ்வுகளுக்கு அதில் பதில் கிடைக்காது. தமிழ்நாட்டின் தடை நீடிப்பதே நல்லது என்பது இவ்வுரையின் கருத்து. காரணம் எளிது: தினக்கூலி வாங்குகிறவன் வேலை முடிந்து வரும் வழியில் அரசே கடை வைத்து உட்கார வேண்டியதில்லை. மதுக்கடையில் அதைச் செய்து பார்த்து என்ன ஆயிற்று என்பது இந்த அவைக்குத் தெரியும்.

6. செய்யக்கூடியவை

முதலில், வழக்குகளைப் பிரிக்க வேண்டும். அசல் கேரளச் சீட்டு பத்து வைத்திருந்தவர் மீதும், நாளெல்லாம் மூணு நம்பர் எழுதியவர் மீதும் வழக்கமாகப் போடப்படுவது ஒரே லாட்டரிச் சட்டப் பிரிவுதான். எதில் எத்தனை என்று தனியாக எண்ணாதவரை, ஆண்டு முடிவில் மாவட்டக் காவல்துறை தரும் எண்ணிக்கையை வைத்து எதையும் அறிய முடியாது. பத்துச் சீட்டுக்காரரைப் பிடிப்பது சுலபம். புளியரையில் பையைத் திறந்தால் போதும். எண்ணிக்கையில் இரண்டும் ஒரே மதிப்பு என்றால், சுலபமானதைத்தான் யாரும் பிடிப்பார்கள்.

அடுத்து, பணத்தின் தடத்தைப் பிடிக்க வேண்டும். துண்டுச்சீட்டுக் காலத்தில் இது முடியாத காரியம். கைப்பேசிப் பணப் பரிமாற்றம் வந்த பிறகு, பகல் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான சிறு தொகைகள் ஒரே கணக்கில் வந்து விழுந்தால் அது வங்கிப் பதிவில் இருக்கும். எண் எழுதும் ஏஜெண்டைப் பிடித்துச் சிறையில் வைத்தால் மறுநாள் வேறொருவர் எழுதுவார். கணக்கை முடக்கினால் மேலே இருப்பவருக்கு வலிக்கும். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. 2025இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக மத்திய அரசும் இயற்றியது. வாட்ஸ்அப் மூணு நம்பரை இந்தச் சட்டங்களின் கீழ் கொண்டுவர முடியுமா என்று காவல்துறையின் சட்டப் பிரிவு பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தென்காசியும் கொல்லமும் சேர்ந்து செய்ய வேண்டியது. ஆரியங்காவில் உரிமம் பெற்ற ஏஜெண்டுகள் யார், அவர்களில் ஒரே ஆளுக்குக் கட்டுக்கட்டாகச் சீட்டு கொடுக்கிறவர் யார் என்ற விவரம் கேரள லாட்டரித் துறையிடம் இருக்கிறது. தம் மாநிலத்துக்கு வெளியே சீட்டு விற்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட விதி. அங்கே எழுத்து லாட்டரியால் வருமானம் இழப்பதும் அந்தத் துறைதான். ரேஷன் அரிசிக் கடத்தலைத் தடுக்க இரு மாநில அதிகாரிகளும் பேசிக்கொள்கிறார்கள். அதே கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் லாட்டரியையும் ஒரு வரியாகச் சேர்ப்பதற்கு அமைச்சரவை ஒப்புதல் எதுவும் வேண்டியதில்லை. இரண்டு மாவட்ட ஆட்சியர்கள் கையெழுத்திட்டால் போதும்.